உப்புக் காணாதாம்

அண்ணை இறந்து மூன்று கிழமையாகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கக் கல்வெட்டு ஒன்று அடிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் செத்தவீடு முடியாது. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே அவர் பிறந்து வளர்ந்து வாழ்ந்த கதை, நாலைந்து தேவாரம், கடைசிப் பக்கத்தில் வந்தவர்களுக்கு நன்றி. யாழ்ப்பாணத்தில் பிறந்து டென்மார்க்கில் செத்தாலும் இந்தச் சிறு புத்தகம் கட்டாயம் வரும். அண்ணையின் கதை தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். அண்ணி போய் ஆறு வருடம். அவர்களுக்கு ஒரே மகள். அவள் இங்கேயே பிறந்தவள், தமிழ் விளங்கும், கொஞ்சம் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. எங்கள் கல்வெட்டுகளில் கெட்டவன் ஒருவனாவது செத்ததாய் நான் வாசித்ததில்லை. எல்லோரும் நற்பண்பின் உறைவிடம், எல்லோரும் ஊருக்கு உழைத்த உத்தமர். அண்ணையைப் பற்றி அப்படி எழுதும்போது ஒரு சொல்லுக்கும் நான் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அப்பாவின் கடையில் நின்று, தம்பிமார் இருவரையும் கல்லூரியில் படிக்க வைத்தார். அகதியாய் வந்து, வைலே நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தரையை ஓய்வு பெறும் வரைக்கும் துடைத்தார். யாரோடும் ஒரு சொல்லுக்குக்கூட இழுபடாத மனிதர். இரண்டு பக்கம் எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் இருக்கும் ஹோர்சன்ஸிலிருந்து ரயிலேறிப் போனேன்.

அண்ணையின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து அவருடைய மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கையை நாடிக்குக் கொடுத்தபடி கேட்டாள். விளங்காத சொல் வந்தால் விரலைத் தூக்குவாள், நான் டேனிஷில் சொல்வேன். முடிந்ததும் நாடியிலிருந்து கையை எடுத்தாள்.

"படத்தைப் பற்றி எழுதேல்லையே, சித்தப்பா."

"எந்தப் படம்?" என்றேன். எந்தப் படம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் அவள் தன் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். அவள் கிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரசாயனம் படிப்பிக்கிறாள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு. அதே பள்ளிக்கூடத்தில் சினிமாப் பாடம் எடுக்கும் ஒருத்தி, பழைய டேனிஷ் சிரிப்புப் படங்கள் வெளிநாட்டவரை எப்படிக் காட்டின என்று ஒரு பாடம் நடத்தினாளாம். செத்தவீட்டு விடுமுறை முடிந்து திரும்பிப் போன இரண்டாம் நாள், மகள் அந்த வகுப்பைத் தாண்டிப் போயிருக்கிறாள். கதவு திறந்து கிடந்தது. சுவரில், தலைப்பாகையும் பட்டுச் சால்வையுமாய், அவளுடைய அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா நடிச்சது எனக்குத் தெரியும். சின்னனில ஒருக்காப் பாத்தனான். ஆனா அண்டைக்கு நான் அதில நிண்டுட்டன்," என்றாள். மீதியை டேனிஷில் சொன்னாள். படத்தில் கீழே எழுத்து ஓடியதாம். அண்ணை பேசுகிற இடத்தில், விளங்காத மொழியில் உளறுகிறார் என்று போட்டிருந்ததாம். ஒரு பெடியன் கையை உயர்த்தி, அது உண்மையான மொழிகூட இல்லை, சும்மா சத்தம் போட வைத்திருக்கிறார்கள், அதுதான் இதில் பெரிய அவமானம் என்று சொன்னானாம். பிள்ளைகள் தலையாட்டினார்களாம். நல்ல பிள்ளைகள், அவர்களுக்குக் கோபம்.

"நான் உள்ளுக்குப் போய் அது தமிழ் எண்டு சொல்ல வெளிக்கிட்டனான். ஆனா சொல்ல ஏலாமல் போச்சு." அவள் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "மியூசிக் போகுது. அப்பா கெதியாக் கதைக்கிறார், குரலும் வேற மாதிரி. அது தமிழோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. என்ர அப்பா கதைக்கிறது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதுகளின் நடுவில் வந்த எத்தனையோ படங்களில் ஒன்று. ஒரு சொசேஜ் முதலாளி, தன் சரக்கைக் கீழைத்தேசத்து மகாராசா ஒருவருக்கு விற்கப் பார்க்கிறார். மகாராசாவாய் நடித்தவர் இங்கே பேர்போன சிரிப்பு நடிகர். முகத்தில் மண்ணிறம் பூசி, காதில் வளையம் மாட்டி, தலையை ஆட்டி ஆட்டிக் கதைப்பார். அவருக்குப் பின்னால் நாலு பரிவாரம். அந்த நாலு பேருக்கு மட்டும் நிறம் பூசத் தேவையிருக்கவில்லை. அதில் இரண்டாவது ஆள் நான். அண்ணை மந்திரி.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இதைப் பற்றி நான் எத்தனை தரம் முழங்கியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. வெள்ளைக்காரன் முகத்தில் சாயம் பூசி எங்களை நக்கலடித்த காலம், எங்களுக்கு ஒரு பேரில்லை, ஒரு வசனமில்லை, விசிறி பிடிக்கிற கைதான் என்றெல்லாம் மேசையில் தட்டித் தட்டிப் பேசுவேன். சொன்னதில் பொய்யில்லை. இப்போது நூலகத்தின் இணையத்தில் அந்தப் படம் தொடங்குமுன், இதில் சிலரைப் புண்படுத்தக்கூடிய காட்சிகள் உண்டு என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. அதைப் பார்த்த அன்றைக்குக்கூட, இப்பவாவது இவங்களுக்கு உறைச்சுதே என்று பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படத்தைத் திட்டுவது எனக்கு வசதி. அதைத் திட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் வேறொன்றைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணை, சின்னண்ணை, நான். சின்னண்ணை பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாள் காலையில் அவர் போன பஸ்ஸைச் சந்தியில் மறித்து, ஆமிக்காரர் அவரையும் இன்னும் சில ஆட்களையும் இறக்கிக் கொண்டு போனார்கள். அண்ணையும் அம்மாவும் ஒவ்வொரு முகாம் வாசலாய்ப் போய் நின்றார்கள். ஒரு மாதம் அலைந்து பார்த்துவிட்டு, மிச்சம் இரண்டு பேராவது இருக்கட்டும் என்று அம்மா எங்களை அனுப்பிவிட்டா. கோப்பன்ஹேகனுக்கு வடக்கே கடலோரமாய் ஒரு பழைய விடுமுறை விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். அங்கேதான் கடிதம் வந்தது. சின்னண்ணை இல்லை என்று தெரிந்துவிட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்று மாமா எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து அண்ணை கதைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், திரும்பிப் போய்ச் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்துவிடுவார். எனக்கும் துக்கம்தான். ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் துக்கம் ஒருபக்கம் இருக்க, மற்றப் பக்கத்தால் பசியும் ஆசையும் வந்துகொண்டுதான் இருக்கும். ஊரில் நான் படப் பைத்தியம். பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துப் படம் பார்த்துப் பிடிபட்டு அண்ணையிடம் அடி வாங்கியவன்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் படக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அந்த விடுதிக்கு வந்தாள். சாப்பாட்டு அறையில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்து, அண்ணையிடம் நின்றுவிட்டாள். அண்ணை ஆறடி உயரம், பெரிய மீசை. இந்த மனிதர் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றாள். அவரோடு மொழிபெயர்க்க ஒரு ஆளும் வரலாம், அந்த ஆளுக்கும் உடுப்புப் போட்டு நிறுத்தலாம். அந்த ஆள் நான். அண்ணை வராவிட்டால் நானும் இல்லை.

அவள் எனக்குத் தெளிவாய் இங்கிலீஷில் விளக்கினாள். இது சிரிப்புப் படம். உன் அண்ணன் விருந்து மேசையில் எழுந்து நின்று உங்கள் மொழியில் நீளமாய், கவலையாய் ஏதாவது பேச வேண்டும். என்ன பேசினாலும் பரவாயில்லை, யாருக்கும் விளங்கப்போவதில்லை. அவர் பேசி முடித்ததும் மகாராசா அதை ஒரே ஒரு சின்ன வசனத்தில் டேனிஷில் சொல்வார். அந்த இடத்தில்தான் ஆட்கள் சிரிப்பார்கள்.

நான் மேலே அறைக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுப் போன அண்ணை வழக்கம்போல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். படம் என்று சொன்னால் திரும்பியும் பார்க்க மாட்டார் என்று தெரியும்.

"அண்ணை, எங்கட பிரச்சினையைப் பற்றி ஒரு படம் எடுக்கினமாம்," என்றேன். "எங்கட வாயாலயே சொல்லட்டாம். என்ன நடந்ததெண்டு தமிழில சொன்னாக் காணுமாம். அதை அப்பிடியே டேனிஷில மாத்திச் சொல்லுவினமாம். நாடு முழுக்கப் பாக்குமாம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உண்மையாவோ?"

"ஓம்."

அவர் எழும்பி உட்கார்ந்தார். அந்த மாதத்தில் அவர் தானாய் எழும்பியது அன்றைக்குத்தான். அவருக்காகத்தான் சொன்னேன், வெளியே வந்தால் மனம் ஆறும் என்றுதான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே நிறையத் தரம் சொல்லியிருக்கிறேன். அது சாட்டு. எனக்குப் படத்தில் வரவேண்டும், அவ்வளவுதான்.

உடுப்புப் போடும் இடத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கட ஊரில ஆரடா இப்பிடித் தலைப்பாகை கட்டுறது என்று கேட்டார். இவங்களுக்கு விளங்கிறதுக்கு இப்பிடித்தான் காட்ட வேணுமாம் என்றேன். உவர் ஏன் முகத்தில பூசியிருக்கிறார் என்று கேட்டார். எங்கட பக்க ஆளா நடிக்கிறார், அதுதான் என்றேன். அண்ணை அந்த நடிகரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல மனுசர்," என்றார்.

விருந்து மேசை, மெழுகுதிரிகள், தட்டு நிறையச் சொசேஜ். கமெரா ஓடியது. அண்ணை எழுந்து நின்று பேசினார். நான் பக்கத்தில் விசிறியோடு நின்றேன். அவர் உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் கண்ணால் தண்ணீர் வந்தது, துடைக்காமல் சொல்லி முடித்தார். பூசிய மகாராசா திரும்பி முதலாளியைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். படம் பிடித்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். டைரக்டர் ஓடிவந்து அண்ணையைக் கட்டிப்பிடித்தார்.

அவர்கள் மனம் இளகித்தான் தட்டுகிறார்கள் என்று அண்ணை நினைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில், "கேக்கிறதுக்கும் ஆக்கள் இருக்கினமடா," என்றார். அன்றிரவு சோறு இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். நாட்கள் போகப் போகக் கதைக்கவும் தொடங்கினார். அம்மாவுக்குக் கடிதம் எழுதினார், தம்பியின் கதையை இந்த நாட்டுக்குச் சொல்லிவிட்டேன் என்று. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டவன் நான்.

அடுத்த வருடம் படம் வந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் டேனிஷ் பிடிபட்டிருந்தது. விடுதியில் வேலை செய்த ஒருத்தி, எங்களைச் சந்தோசப்படுத்தவென்று விடுதியின் வான் வண்டியில் ஏற்றித் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தடுக்க என்னால் முடியவில்லை. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன், அண்ணை போர்வையை இழுத்து எழுப்பினார். சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். தியேட்டரில் என் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார்.

படத்தில் அவர் பேசத் தொடங்கியதுமே சனம் சிரித்தது. பேச்சு நீள நீளச் சிரிப்பும் கூடியது. அவர் கண்ணால் தண்ணீர் வந்த இடத்தில் பின்னுக்கிருந்த ஒரு ஆள் மூச்சுத் திணறிச் சிரித்தான். பிறகு மகாராசா திரும்பி, "உப்புக் காணாதாம்," என்றார். அத்தனை பேச்சுக்கும் பொருள், சொசேஜில் உப்புப் போதாது என்பது. தியேட்டர் குலுங்கியது.

நான் அண்ணையின் பக்கம் திரும்பவில்லை. கதிரையின் கைப்பிடியில் இருந்த அவருடைய கை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. வெளிச்சம் போட்டபோது எழுந்து, "வா, வான் போயிடும்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்பார், ஏன்டா பொய் சொன்னாய் என்று கேட்பார், அப்போது காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று அன்றைக்கிருந்து காத்திருந்தேன். கிழமைகள் போயின, கல்யாணங்கள் நடந்தன, மகள் பிறந்தாள், அம்மா செத்தா, எங்கள் தலை நரைத்தது. அவர் கேட்கவேயில்லை. கோபத்தில் கேட்காமல் இருக்கிறார் என்று சில வருடம் நினைத்தேன். மறந்துவிட்டார் என்று சில வருடம் நினைத்தேன். இப்போது அவரே இல்லை.

மகள் கணினியைத் திறந்து மேசையில் வைத்தாள். எச்சரிக்கை வந்து போனது. விருந்துக் காட்சிக்கு இழுத்து நிறுத்தினாள்.

"அது தமிழோ, சித்தப்பா?"

"தமிழ்தான்," என்றேன். "நல்ல தமிழ்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, அப்பா என்ன சொல்கிறார் என்று சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு வசனமாய் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டாள். முப்பத்தைந்து வயது அண்ணை, இறகு வைத்த தலைப்பாகையோடு, என் முகத்துக்கு நேரே பேசினார். நான் டேனிஷில் சொன்னேன். முதலில் தன் பேர், அப்பாவின் பேர், ஊர். பிறகு:

"என்ர தம்பி. இருபத்தாறு வயசு. பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவன். சந்தியில பஸ்ஸால இறக்கிக் கொண்டு போனவங்கள். அவன் ஒரு பிழையும் செய்யேல்லை. நானும் அம்மாவும் எல்லா முகாமுக்கும் போய்க் கேட்டனாங்கள். இஞ்ச இல்லை எண்டாங்கள். இப்ப செத்துப்போனானாம். உடம்பும் தரேல்லை. அம்மா தனிய அங்கதான் இருக்கிறா. இதைப் பாக்கிற ஆக்கள் உங்கட அரசாங்கத்துக்குச் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

படத்தில் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கடுத்த வசனம் வருமுன் மகள் நிறுத்திவிட்டாள். தன் அப்பாவுக்கு இன்னொரு தம்பி இருந்தது அவளுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கன்னத்தால் வழிந்ததை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "இதை ஏன் அப்பா இப்பிடியொரு படத்தில போய்ச் சொன்னவர்?" என்று கேட்டாள்.

"அவங்கள் ஏமாத்திப்போட்டாங்கள், பிள்ளை," என்று தொடங்கினேன். சங்கத்தில் பேசிப் பேசிப் பழகிய வாய். "எங்களை அந்த நேரம் மனுசராயே..."

"இல்லை," என்றாள். "அப்பா அப்பிடிச் சொல்லேல்லை."

நான் நிறுத்தினேன்.

"சின்னனில இந்தப் படத்தைப் பாத்துட்டு உங்களிட்டைக் கேக்கப் போனனான். அப்பா கையைப் பிடிச்சு நிப்பாட்டினவர். சித்தப்பாவோட இதைக் கதைக்கக்கூடாது எண்டவர். சித்தப்பாவுக்கு அப்ப பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்தானே, அவங்கள் சொன்னதைப் பிழையா விளங்கியிட்டார், பாவம், தெரிஞ்சால் உடைஞ்சு போயிடுவார் எண்டு. டிவியில வந்தாலும், நீங்கள் வீட்டில நிண்டால் மாத்தச் சொல்லுவார்."

மேசையில் அண்ணை கும்பிட்டபடி நின்றார். பேசாமல் இருந்திருக்கலாம். ஓம், பிழையாய் விளங்கிவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணை எனக்காக அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் நினைத்த அந்த அப்பாவித் தம்பியாய்க் கடைசிவரை இருந்துவிடலாம். அது எனக்கு வேண்டும்போலத்தான் இருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும், பிள்ளை," என்றேன். "அந்தப் பொம்பிளை சொன்னது எல்லாம் விளங்கினது. சிரிப்புப் படம் எண்டும் தெரியும். நான்தான் அப்பாவுக்குப் பொய் சொன்னனான்."

ஏன் என்று டேனிஷில் கேட்டாள். படத்தில் வர ஆசையாயிருந்தது என்றேன்.

அவள் கணினியைத் தள்ளி வைத்தாள். பிறகு டேனிஷை விட்டு, மெதுவாய், ஒவ்வொரு சொல்லாய்த் தேடித் தமிழில் கேட்டாள்.

"இதை அப்பாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவர் கேப்பார், கேட்டாச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அவர் கேக்கவேயில்லை."

"சித்தப்பா," என்றாள் அவள், "அவர் கேக்காமல் இருந்தது உங்களுக்காக."